சகலை கொண்டுவந்த விளக்கு

என் சகலை மீது எனக்குப் பொறாமை. இப்போது ஒப்புக்கொள்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. அவர் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், என்னைவிட ஐந்து வயது இளையவர், கோலாலம்பூர் பங்சாரில் சொந்த வீடு. நான் பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்கு இருந்த அரசாங்க கிளார்க். அவர் புதுக் கார் வாங்கிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் ஒரு பச்சோந்தி வாங்கினார். தலையில் கொண்டை வைத்த ஏமன் நாட்டு இனம். மறுவாரமே நானும் அதே கடைக்குப் போய், அதோடு பிறந்த குஞ்சுகளில் ஒன்றை வாங்கி வந்தேன். "அவரு வாங்குனா நீங்களும் வாங்கணுமா?" என்று மனைவி கேட்டாள். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பச்சோந்தி ஆசை என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அவருடையது வலைக்கூண்டு. அதற்கு மேலே, சிங்கப்பூரிலிருந்து ஆள் வைத்துத் தருவித்த ஒரு குழல்விளக்கு. தீனிக்கு வாங்கும் செங்கெரிக் என்கிற சுவர்க்கோழிப் பூச்சிகளை ஒரு டப்பாவில் போட்டு, வெள்ளையான சுண்ணாம்புச்சத்துப் பொடியோடு குலுக்கித்தான் கூண்டுக்குள் விடுவார். பவுடர் பூசிய பிள்ளைகள் மாதிரி அவை தத்திக்கொண்டு போகும். வெயில் கொளுத்துகிற ஊரில் விளக்கு என்ன விளக்கு, எல்லாம் பணக்காரப் பவுசு என்று வீட்டுக்கு வந்து நையாண்டி செய்தேன். என்னுடையதைப் பழைய மீன் தொட்டியில் விட்டு, காலை வெயில் விழும் கண்ணாடி ஜன்னலோரம் வைத்தேன். ஜன்னலைத் திறப்பதில்லை. பூச்சிக்குப் பொடியும் கிடையாது.

நாலு மாதத்தில் அவருடையது தளதளவென்று வளர்ந்துவிட்டது. என்னுடையது நாக்கை நீட்டும், பூச்சிவரை எட்டாது. முன்னங்கால்கள் இரண்டும் வளைந்து, கிளையைப் பிடிக்க முடியாமல் விழுந்து விழுந்து எழுந்தது. தங்கை வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னாள் மனைவி. அவரிடமா? நானா? அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

தீபாவளிக்கு அவர்கள் வந்தார்கள். வருவதற்கு முன்பே தொட்டியின் மேல் ஒரு கைலியைப் போட்டு மூடி, படுக்கையறைக்குள் தள்ளிவிட்டேன். சகலையின் கையில் பிரவுன் தாள் சுற்றிய நீளப் பொட்டலம். விளக்குதான் என்று பார்த்ததுமே தெரிந்தது. பெருமையடிக்க என் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் என்று வயிறு எரிந்தது.

பச்சோந்தியைப் பார்க்கலாமா என்று கேட்டார். தூங்குகிறது என்றேன், பகல் பதினோரு மணிக்கு. அதோடு நிறுத்தவில்லை.

"நம்ம ஊரு வெயிலே போதும் லா. விளக்கெல்லாம் வேல இல்லாதவன் பாக்குற வேல."

அவர் சிரித்துக்கொண்டே முறுக்கை எடுத்துக் கடித்தார். போகும்போது பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த இரண்டு வாரத்தில் பின்னங்கால் ஒன்றும் வளைந்தது. ஒரு காலையில் அது கண்ணையே திறக்கவில்லை. செத்துவிடும் என்று தெரிந்தபிறகுதான் என் ரோஷம் இறங்கியது. சப்பாத்துப் பெட்டியில் அதை வைத்துக்கொண்டு பங்சாருக்குப் பஸ் ஏறினேன்.

சகலை என்னைத் திட்டவில்லை. அதை உள்ளங்கையில் வாங்கி, வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, கண்ணாடி வழியா வெளிச்சம் வரும், சூடும் வரும். இதுக்கு வேண்டிய கதிர் மட்டும் வராது. அந்தக் கதிர் ஒடம்புல பட்டாத்தான் திங்கிற சுண்ணாம்புச்சத்து எலும்புல சேரும்."

பிறகு நாற்காலி போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து அதே நீளப் பொட்டலத்தை எடுத்தார். பிரிக்கவே இல்லை. தாளின்மேல் என் கொழுந்தியாளின் கையெழுத்து: 'அத்தானுக்கு, தீபாவளி வாழ்த்துகள்.' உள்ளே விளக்கோடு ஒரு டப்பா பொடியும் இருந்தது.

அந்த நிமிஷம் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு நாளும் இதைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தாரே, அந்த மனசும் இவருக்குத்தானா வாய்க்க வேண்டும் என்று பொறாமைதான் வந்தது.

பச்சோந்தி பிழைத்துக்கொண்டது. இன்னும் மூன்று வருஷம் அந்த விளக்கின் கீழே, பொடி தூவிய பூச்சிகளைத் தின்றுகொண்டு என் வீட்டில் இருந்தது. முன்னங்கால்கள் கடைசிவரை நிமிரவில்லை. தீபாவளிக்குப் பிறகு வளைந்த அந்தப் பின்னங்காலும்தான்.