மகளுக்கு வாங்கிய கண்ணாடித் தொட்டி

சுனாமி வந்துபோன மறு வருஷம், என் மகளுக்காக நானும் வீட்டுக்காரரும் மீன் தொட்டி வாங்கப் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினோம். சின்ன வயசிலேயே சர்க்கரை வந்த பெண் அவள். கல்யாணம் வேண்டாம் என்று குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுசில் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தாள். கிட்னி கெட்டு, கால் வீங்கி வீட்டோடு வந்து படுத்த பிறகு, கண்ணும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. அந்த கெஸ்ட் ஹவுஸ் கூடத்தில், தண்ணீருக்குள்ளேயே செடி வளர்கிற தொட்டி ஒன்று இருந்ததாம். அவள்தான் தினமும் துடைப்பாளாம்.

"கண்ணு தெரியறப்பவே அந்தப் பச்சைய இன்னொரு வாட்டி பாக்கணும்மா" என்றாள்.

எங்கள் ஜன்னலில் பார்த்தால் உப்புப் பாத்தி. அதைத் தாண்டினாலும் உப்புப் பாத்தி.

கடையில் நான் இவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். "மீனுக்கா, செடிக்கா பெரியவரே?" என்று கடைக்காரர் கேட்டார்.

"செடிக்குத்தான். மீனு சும்மா தொணைக்கு."

"அப்போ லைட்டுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. மூடியோட வர்ற பல்பு மீன் பாக்கத்தான் ஆவும். செடிக்கு இந்த ட்யூப் லைட்டு போடணும்."

"ஆயுசு பூரா வெயில்ல காஞ்சேன். இப்போ வெயிலையே வெலைக்கு வாங்கறேன் பாரு" என்று இவர் சிரித்தார். ஹீட்டரைக் காட்டியதும் இன்னும் பலமாகச் சிரித்தார். "எங்க மரக்காணத்துக்கா? அடுப்புக்கே கொள்ளி வெக்கச் சொல்றியேப்பா!"

ஃபில்டரில் பெரியதாக ஒன்றை இவர் எடுத்தார். ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள் என்று இவர் காதில் சொன்னேன். ஓட்டினார்கள். அது தண்ணீரைச் சுழற்றிய வேகத்தில் செடியெல்லாம் ஒரே பக்கம் படுத்துவிட்டது. பஞ்சு வைத்த சின்னதைத் தொட்டுக் காட்டினேன். "அம்மா சொல்றதுதான் கரெக்டு" என்றார் கடைக்காரர். அடியில் பரப்பப் பொடிக் கல், மல்லித்தழை மாதிரி பொடி இலைச் செடி, கொஞ்சம் மீன் எல்லாம் வாங்கினோம்.

"வூட்ல தண்ணி எப்படி? உப்பு ஆவாது."

"நாங்களே உப்புக்காரங்கப்பா. நாக்குல வெச்சா சொல்லிடுவேன்."

வீட்டுக்கு வந்ததும் கைப்பம்புத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வாயில் விட்டுப் பார்த்தார். பாத்தியிலும் அப்படித்தான், தண்ணீர் என்ன பதத்தில் இருக்கிறது என்று நாக்கிலேயே பார்த்துச் சொல்வார். "நல்ல தண்ணி" என்றார். எனக்கும் தித்திப்பாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாளில் செடி கூழாகக் கரைந்தது. மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவர் அந்தத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் ஒரு சொட்டு நாக்கில் வைத்ததுமே துப்பினாராம். "இன்னா பெரியவரே, கடலையே மொண்டுனு வந்துட்டீங்களா?" சுனாமி அலை ஏறியதிலிருந்து எங்கள் தண்ணீர் கரித்திருக்கிறது. பாத்தியில் பழகிய நாக்குக்கு அது உறைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு இவர் கடலுக்குத் தள்ளியிருக்கிற பெருமுக்கல் போய், வயல் கிணற்றுத் தண்ணீரைக் கேனில் பிடித்து பஸ்ஸில் கொண்டுவந்தார். கண்டக்டர் திட்டினால், "கோயில் தீர்த்தம்பா" என்பாராம். புதுச் செடி வைத்தோம். வேர் பிடித்து, நுனியில் தழை விட்டது. கட்டிலைத் தொட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டு, "பாரு கண்ணு" என்று இவர் லைட்டைப் போட்டார்.

அவள் கண்ணாடியில் மூக்கு இடிக்க வெகுநேரம் முகத்தை வைத்திருந்தாள். பிறகு, "லைட்டப் போட்டுட்டியாப்பா?" என்றாள்.

இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"நீ சொல்லும்மா. எப்படி இருக்குது?"

எனக்கு நாலு வார்த்தை சேர்த்துப் பேச வராது. "பச்சையா இருக்குதும்மா" என்றேன்.

"எந்தப் பச்சை?"

தெரிந்த பச்சையெல்லாம் சொன்னேன். நாத்துப் பச்சை, கிளிப் பச்சை, வாழைக் குருத்துப் பச்சை. இலையில் குமிழி உட்கார்ந்திருப்பதையும், மீன் அதை இடித்துவிட்டுப் போவதையும் சொன்னேன். "அப்புறம்?" என்றாள். தை மாசம் வரைக்கும் தினமும் கேட்டாள், தினமும் சொன்னேன்.

அவள் போன பிறகு ஒரு காலையில் புதுத் தழை விட்டிருந்தது. "இந்தா, இன்னொண்ணு வந்திருக்குது" என்று சொல்லிக்கொண்டே கட்டில் பக்கம் திரும்பினேன்.