சாமி இல்லைங்க, எங்க வீட்டுக்காரரு

ராஜேஸ்வரி போய்விட்டாள் என்று போன் வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. "அண்ணனை யாரு பாத்துக்கறாங்க?" என்றுதான் கத்தினேன். மகளின் செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ ஏறினேன். வேங்கிக்கால் ஆபீஸில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அவள் கணவர் மாணிக்கம் அண்ணனுக்கு மறதி நோய். நெஞ்சுவலி வந்து அவள் முந்திக்கொள்வாள் என்று யார் நினைத்தோம்?

அந்த நோய்க்கு ஒரு பெயர் வாங்கவே அவள் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. ஒரு டாக்டர், வயதானால் அப்படித்தான் என்றார். இன்னொருவர் தூக்க மாத்திரை கொடுத்தார். மூன்றாமவர் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்க, அண்ணன் சிரித்துக்கொண்டே, "ரிட்டயர் ஆனவனுக்கு எல்லா நாளும் ஞாயித்துக்கிழமைதான் டாக்டர்" என்றார். டாக்டரும் சிரித்தார். அவளுக்கு வந்ததே கோபம்! "கேள்வி கேக்காதீங்க சார், பேசியே தப்பிச்சுடுவாரு. சட்டையக் கழட்டி மாட்டச் சொல்லுங்க" என்றாள். கையை எங்கே நுழைப்பது என்று தெரியாமல் அண்ணன் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம்தான் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே பெயர் கிடைத்தது. குணமாக்க மருந்து இல்லை என்றும் சொன்னார்கள்.

நம் ஊரில் டாக்டர் வைத்த பெயர் மட்டும் போதுமா? ஒரு பௌர்ணமி மாலை அண்ணன் கிரிவலக் கூட்டத்தோடு போய்விட்டார். கூட்டத்தோடு நடந்தால் முதுகுதான் தெரியும் என்று அவள் எதிர்த்திசையில் நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன். மலையை இடமாகச் சுற்றுகிறோம் என்று எதிரே வந்தவர்களிடம் வழியெல்லாம் திட்டு. அடி அண்ணாமலையில் ஒரு மரத்தடியில் அவரைக் கண்டோம். தாடி, மௌனம், வெறித்த பார்வை. சித்தர் என்று முடிவு கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, வாழைப்பழம் வைத்து, வரிசையில் நின்று காலில் விழுந்துகொண்டிருந்தார்கள்.

"சாமி இல்லைங்க, எங்க வீட்டுக்காரரு. நகருங்க" என்றாள். ஓர் அம்மாள் அவள் கையைப் பிடித்து, "நீங்க புண்ணியம் பண்ணவங்கம்மா" என்றாள். "அந்தப் புண்ணியம் வேணும்னா வீட்டுக்கு வந்து அவரு வேட்டிய மாத்தி விடுங்க!" என்று ராஜி போட்ட சத்தத்தில் வரிசை கலைந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

என்றோ இறந்துபோன தாயாரை அண்ணன் தினமும் கேட்பார். அவளும் தினமும், "அத்தை கீழ்பென்னாத்தூரு போயிருக்காங்க, பஸ்ல வந்துடுவாங்க" என்பாள். பொய் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "நெசத்தச் சொன்னா இப்பதான் செத்த மாதிரி அழறாரு வசந்தா. ஒருத்தங்கள எத்தன தடவ சாகடிக்கறது?" என்றாள்.

அவளை எடுத்துக்கொண்டு போனபின் அண்ணன் அறையறையாகத் தேடினார். "ராஜி எங்க?" என்றார். உறவுக்காரர் ஒருவர் உண்மையைச் சொன்னார். கதறினார். சற்று நேரத்தில் மறந்து மறுபடி கேட்டார், மறுபடி சொன்னார்கள், மறுபடி கதறினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன்.

அடுத்த மாதம் வேலூருக்கு அவரை நான்தான் அழைத்துப் போகவேண்டும். சட்டையைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள் என்று டாக்டரிடம் சண்டை போட அவளுடைய கோபம் எனக்கு வருமோ வராதோ. அந்தப் பொய் மட்டும் என்னிடம் வந்துவிட்டது.

"ராஜி கீழ்பென்னாத்தூரு போயிருக்காண்ணே. பஸ்ல வந்துடுவா."

"அப்படின்னா கதவத் தாழ் போடாதம்மா" என்றார்.

போடவில்லை.