கரண்ட் ஓடும் றப்பரும் வாணிவிழாச் சந்தனமும்

“கரண்ட் ஓடுற றப்பர் இருக்கோ?” என்று நான் கேட்டதும் யாழ்ப்பாணப் பட்டினத்து றேடியோச் சாமான் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, கரண்ட் ஓடாமல் இருக்கத்தான் சனம் றப்பர் வாங்கிறது. நீர் எந்த ஊர்?”

வேலணை என்றேன். தீவான் என்றால் அதுவே போதும் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். எனக்கோ மூக்கின்மேல் கோபம். பஸ் பண்ணைப் பாலத்தைத் தாண்டி ஊருக்கு வந்து சேரும்வரை வாய்க்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அப்படி ஒரு றப்பர் உண்டு. எந்தக் கல்குலேற்றரையும் கழற்றிப் பாருங்கள். பொத்தான்களின் அடியில் மிளகளவில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். அழுத்தி அமர்த்தினால் அது கீழேயுள்ள செப்புக் கோடுகளைத் தொட்டுக் கரண்டைக் கடத்தும். கறுப்பாயிருப்பதெல்லாம் கடத்தும் என்ற நம்பிக்கையில் சைக்கிள் ரியூப்பை வெட்டி வைத்துப் பார்த்தேன். அது கடைக்காரரின் கட்சி.

றப்பர் எனக்குத் தேவைப்பட்டது அக்காவுக்காக. எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் வாசிகசாலையில் ஒவ்வொரு விஜயதசமியன்றும் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பொது அறிவுப் போட்டி நடக்கும். முதலில் கை தூக்கியவர் விடை சொல்லலாம். கேள்வி கேட்பவர் வாசிகசாலைத் தலைவர். தெற்கே கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்தவர், நல்ல மனுசன். ஆனால் அவருடைய கழுத்து ஆண்கள் பக்கம் மட்டுமே திரும்பும். கணக்கு ரீச்சரான அக்கா வருசா வருசம் தோள் நோகக் கையைத் தூக்கிவிட்டு, ஒரு விடையும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து சட்டி பானைகளைப் போட்டு உடைக்காத குறையாக வைப்பாள்.

அதனால் ஒரு பெட்டி செய்தேன். பக்கத்துக்கு ஒரு பொத்தான், ஒரு சின்ன ரோச்லைற் பல்ப். எந்தப் பொத்தான் முதலில் அமர்த்தப்படுகிறதோ அதன் பல்ப் பற்றும், மற்றது பற்றாது. நான் விசையைத் தட்டி அணைக்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும். அதற்குக் கழுத்துச் சுளுக்குக் கிடையாது.

பொத்தானுக்காகப் பக்கத்து ஊரான கரம்பொனில் ஒரு வீட்டில் கேட்டேன். அங்கே அலுமாரிக்குள் செத்துப்போன கல்குலேற்றர் ஒன்று, வாங்கிய நாளில் சுற்றியிருந்த பொலித்தீனைக்கூடக் கழற்றாமல் கிடந்தது. “அவர் வெளிநாட்டாலை வந்து கேட்டால் என்ன சொல்லுறது?” என்று கதவைச் சாத்திவிட்டார்கள். கடைசியில் அக்காதான் திரை கறுத்துப்போன தன்னுடையதைக் கொண்டுவந்து வைத்தாள்.

“வெட்டு. ஆனால் பெட்டி வேலை செய்யாட்டில் உன்னை வெட்டுவன்.”

உப்புக்காற்றில் செம்பு பச்சை பிடித்துவிடும் என்று, செப்புக் கோடுகளோடு சேர்த்து வெட்டிய பொத்தான்களை அரிசிப் பேணிக்குள் வைத்துக் காத்தேன். அம்மா அரிசி புடைக்கும்போது கல்லென்று நினைத்து அவற்றை எறிந்துவிட்டார். கோழி கொத்தாமல் மிஞ்சிய இரண்டைப் பெட்டியில் பொருத்தினேன்.

வாசிகசாலையில் நவராத்திரி வாணிவிழாவின் கடைசி மாலை, புத்தகங்களோடும் சங்கீதக்காரரின் வயலினோடும் என் பெட்டியும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஏறியது. பூசைக்கு வைத்ததை விடிந்து எடுக்கும்வரை தொடக்கூடாது. தொட்டுச் சோதிக்கக் கை துடித்தது, தொடவில்லை.

காலையில் சபை நிறைந்திருந்தது. பற்றரியைக் கொழுவினேன். ஒருவரும் அமர்த்தாமலே பெண்கள் பக்கப் பல்ப் பளிச்சென்று பற்றியது. அணைத்தேன். திரும்பவும் பற்றியது.

“கேள்வி கேக்க முதலே அவையளுக்கு விடை தெரியுது போல!” என்றார் தலைவர். ஆண்கள் பக்கம் சிரிப்பில் அதிர்ந்தது. அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பயம்.

மூடியைக் கழற்றினேன். பொத்தானைச் சுற்றியிருந்த இடைவெளியால் சந்தனம் வழிந்து, செப்புக் கோடுகளின்மேல் ஈரமாகப் படிந்திருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணீரே கரிக்கும். அந்த உவர்த் தண்ணீரில் அரைத்த சந்தனம் கரண்டைக் கடத்தாமல் என்ன செய்யும்?

“ஆர் இதிலை சந்தனம் வைச்சது?” என்று கத்திவிட்டேன்.

“நான்தான்,” என்றார் தலைவர் நிதானமாக. “பூசைக்கு வைச்ச சாமானுக்குப் பொட்டு வைக்காமல் விடலாமோ? பெண்கள் பக்கத்துக்குக் கொஞ்சம் பெரிசாயே வைச்சனான்.”

அந்த மனுசன் பெண்கள் பக்கத்துக்குத் தாராளமாக ஒன்று கொடுத்தது அன்றைக்குத்தான்.

அக்கா எழுந்து வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். கைப்பையில் இருந்த ஓடிக்கொலோன் சென்ற்றில் கைலேஞ்சியை நனைத்து, கறுப்புப் பொட்டைச் சுரண்டாமல் பிள்ளையின் கண்ணைத் துடைப்பதுபோல மெல்லத் துடைத்தாள். செப்புக் கோடுகளை அழிறப்பரால் தேய்த்து, வாயால் ஊதிக் காயவைத்து மூடினாள். இந்தமுறை பல்ப் சும்மா இருந்தது.

தலைவர் முதல் கேள்வியைத் தொடங்கினார். “உலகத்திலேயே மிக உயரமான...”

பெண்கள் பக்கப் பல்ப் பற்றியது. எதிரே ஆண்கள் பக்கத்தில் ஒருவர் பொத்தானை மறந்து, பழைய பழக்கத்தில் கையைத் தூக்கியிருந்தார்.

“ஆண்கள் பக்கம், சொல்லும்,” என்றார் தலைவர்.

“அண்ணை, லைற்றைப் பாருங்கோ,” என்றாள் அக்கா.

பல்ப் எரிந்துகொண்டிருந்தது. விசை என் கையில். யார் தலைகீழாக நின்றாலும் அதை நான் தட்டுவதாக இல்லை. தலைவர் பல்ப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, உது இன்னும் சந்தனமோ?”

“இல்லை. அக்கா.”

அவருடைய கழுத்து மெதுவாக, மிக மெதுவாக, மறுபக்கம் திரும்பியது.

“சரி. பெண்கள் பக்கம்.”

அக்கா எழுந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “எவரெஸ்ட் சிகரம்,” என்றாள்.

“கேள்வியை முழுக்கக் கேக்கேல்லைப் பிள்ளை. மிக உயரமான மிருகம் எது?”

ஆண்கள் பக்கம் ஒட்டகச்சிவிங்கியைச் சொல்லிப் புள்ளியை எடுத்துக்கொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவோ இருந்த இடத்தில் வாயெல்லாம் பல்லாக இருந்தாள். அதன்பிறகு அவள் சில விடைகளைச் சரியாகவும் சொன்னாள். அப்போதெல்லாம் அந்தச் சிரிப்பு இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டே கேட்டேன். “முதல் கேள்வி பிழைச்சுப் போச்சு. அதுக்கேன் அப்பிடிச் சிரிச்சனி?”

“இவ்வளவு வருசத்திலை,” என்றாள் அக்கா, “என்னைப் பிழை சொல்ல விட்டதே இண்டைக்குத்தானேடா.”