அழிய மறுத்த உலகம்

எனக்கு உலகம் அழிந்தே ஆக வேண்டும். அதுவும் மூன்றாவது சுற்றுக்குள், தலைமையாசிரியை பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடியில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு நான் சமூக அறிவியல் டீச்சர். தண்ணீர்ப் பஞ்சத்தைப் பாடமாக ஒப்பித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள் என்று ஒரு விளையாட்டை யோசித்து வைத்திருந்தேன். வகுப்பை ஐந்து நாடுகளாகப் பிரித்தேன். நடுவில் ஒரு பேசின் நிறையப் புளியங்கொட்டை. அதுதான் உலகத்தின் தண்ணீர். ஒவ்வொரு சுற்றிலும் யார் எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளலாம். மிச்சத்தை நான் இரட்டிப்பாக்குவேன். பேசின் காலியானால் உலகம் காலி. பிள்ளைகள் அடித்துப் பிடித்து அள்ளுவார்கள், நான் பேராசையைப் பற்றி நாலு வார்த்தை பேசுவேன். அந்த நாலு வார்த்தைக்குக் கண்ணாடி முன்னால் ஒத்திகை வேறு.

"இன்னிக்கு ஒரு பீரியட் பார்ப்பேன். சரிப்படலைன்னா விளையாட்டை மூட்டை கட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

விசில் ஊதினேன். ஒருத்தரும் அள்ளவில்லை! முதல் நாட்டுப் பெண் தன் டிபன் டப்பாவைக் கொண்டுவந்து பேசின் பக்கத்தில் டக்கென்று வைத்தாள். மற்ற நாலு நாடுகளும் ஓடிவந்து அதன் பின்னால் டப்பா வைத்தன. ஒருவன் குறுக்கே புகுந்து பேசினுக்குள் கையை விட்டான். அந்தப் பெண் பாய்ந்தாள்.

"டேய், வரிசை வெச்சிகீறோம், கண்ணு தெர்ல? ஆளுக்கு ஒரு டப்பா. அல்லாரும் புட்ச்சப்புறம்தான் ரெண்டாவது!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோடை வந்தால் நானும் இந்தப் பிள்ளைகளும் குடியிருக்கும் குவார்ட்டர்ஸுக்குத் தண்ணீர் லாரி வரும். அங்கே குடம் வைத்தால் ஆள் நிற்பதாகக் கணக்கு. கடைசிக் குடம் நிறையும்வரை யாருக்கும் இரண்டாவது கிடையாது. பிள்ளைகள் அந்தச் சட்டத்தை அப்படியே உலகத்துக்குப் போட்டுவிட்டார்கள்.

"எவ்வளவு வேணா அள்ளலாம்பா!" என்று வெட்கமில்லாமல் தூண்டிவிட்டேன். ம்ஹூம். மூன்று சுற்று, ஐந்து சுற்று. பேசின் வழிந்தது. கொட்டை போதாமல் சாக்பீஸை உடைத்துப் போட்டேன். வகுப்பே மேஜையைத் தட்டிக் கூச்சல் போட்டது. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்து நானும் சேர்ந்து கத்தினேன். அப்படியொரு சந்தோஷம்!

தலைமையாசிரியை எழுந்தார். கூச்சல் அடங்கியது. என் விளையாட்டு போச்சு என்றே நினைத்தேன்.

"இதை எங்கேம்மா கத்துக்கிட்டே?" என்று அந்த முதல் பெண்ணைக் கேட்டார்.

"லாரித் தண்ணி புடிக்கச்சொல்லோ மேடம். எங்க லைன்ல அல்லாரும் இப்டித்தான்." கொஞ்சம் யோசித்தாள். "மிஸ்ஸு மட்டும் ரெண்டு கொடம் வெப்பாங்க."

எனக்குக் காதெல்லாம் சூடேறியது. தலைமையாசிரியை சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

"வாரா வாரம் நடத்துங்க டீச்சர். ஆனா நீங்களும் ஒரு நாடா சேர்ந்துக்கணும்."

மறுநாள் காலை லாரி வந்தது. வரிசையில் அந்தப் பெண் எனக்கு முன்னால் நின்றாள். நான் ஒரே ஒரு குடத்தை வைத்தேன். அவள் என் குடத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சாய்ந்து, என் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.