பள்ளிகொண்டாப்பட்டில் மூன்று வீரர்களுக்குத் திதி

1988 மாசி மகத்தன்று நான் திருவண்ணாமலைக்குப் போனது சாமி கும்பிட அல்ல. இலங்கைச் சண்டையில் என் கண்ணெதிரே செத்த எங்கள் குழுத் தலைவர் நாயக் முருகேசனின் மனைவி வள்ளி கூப்பிட்டிருந்தார். நானும் ராணுவத்தில்தான் இருந்தேன். தோளில் கட்டோடு விடுப்பு.

வேலூரில் விடியற்காலை நாலரை மணிக்குப் பேருந்து. 82 கிலோமீட்டர், ஏழு ரூபாய், இரண்டரை மணி நேரம். ஜன்னலோரம் கேட்டு வாங்கினால் போளூர் வரை புழுதி இலவசம்.

திருவண்ணாமலையிலிருந்து பள்ளிகொண்டாப்பட்டு ஏழு கிலோமீட்டர். திருவண்ணாமலையை ஆண்டு, போரில் இறந்த வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அண்ணாமலையாரே மகனாக இருந்து, மாசி மகத்துக்கு மாசி மகம் அங்கே ஆற்றங்கரைக்கு வந்து திதி கொடுக்கிறார். முருகேசனுக்கும் பிள்ளை இல்லை. அவர் தம்பி அதே கரையில் எள்ளும் தண்ணீரும் விடுவதாகப் பேச்சு. தம்பி வரவில்லை. முருகேசன் வழி தவறியதால்தான் மூன்று பேர் செத்தார்கள் என்று ராணுவ மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்ததாம். தம்பிக்கு அது அவமானம்.

“நீங்க கூட இருந்தீங்களேண்ணா. நெசமா?” என்றார் கரையில் காத்திருந்த வள்ளி.

எனக்குக் கொதித்தது. “இல்லம்மா. ‘இது சரியான ரோடு இல்ல, திரும்பிடறேன்’னு ரெண்டு தடவ வயர்லெஸ்ல சொன்னாரு. முகாம்ல உக்காந்திருந்த அதிகாரி ‘போ’ன்னுட்டாரு. எங்களப் பின்னால நிறுத்திட்டு இவரு முன்னால நடந்தாரு. கூட வருவேன்னு ஆரோக்கியமும் யூசுப்பும் போனாங்க. முன்னால போன மூணு பேரும் செத்தாங்க, அதனாலதான் நாங்க நாலு பேரு உசுரோட வந்தோம்.”

“தம்பி வரலேன்னா சிநேகிதனும் எள்ளுத் தண்ணி விடலாம், உக்காருங்க” என்றார் திதி செய்து வைக்கும் ஐயர். நான் மூன்று பேரின் பெயரையும் சொன்னேன். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மூன்று முறை என் கையில் எள் போட்டார்.

அந்த மூவரை நினைத்தால் இன்றும் பெருமையில் நெஞ்சு நிறைகிறது. சரியான வரைபடம்கூடத் தராமல் அனுப்பிவிட்டு, செத்தவன் தலையில் பழியைப் போட்ட தலைமையை நினைத்தால் வாய் கசக்கிறது.

போகிறவர்கள் எட்டரைக்குள் கரையில் இருங்கள். சாமி வந்துவிட்டால் நிற்க இடம் கிடைக்காது. நிழல் கம்மி, குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள்.

திரும்பும்போது டீக்கடையில் வள்ளி ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். “சொன்னத எழுதிக் குடுங்கண்ணா. தம்பிக்கும் மேலிடத்துக்கும் அனுப்பணும். உங்க வேலைக்கு ஏதாச்சும் ஆவும்னா வேணாம்.”

ஆகும் என்று தெரியும். எழுதி, பெயரும் ராணுவ எண்ணும் போட்டுக் கொடுத்தேன். வள்ளி மௌனமாகப் படித்தார். ‘திரும்பிவிடுகிறேன் என்று இரண்டு தடவை சொன்னார்’ என்ற வரியை மட்டும் மறுபடி படித்தார், கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.