பள்ளிக்கரணைக்குப் போன மெழுகு பிளாக்

வழக்கமாக இந்தப் பயணப் பக்கத்தில் மலையும் அருவியும் எழுதுகிறவன் நான். இந்த முறை தாம்பரம் முதல் பள்ளிக்கரணை வரை. சிரிக்காதீர்கள், பதின்மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் இவ்வளவு பயந்துகொண்டு நான் எங்கேயும் போனதில்லை.

போன மே மாதம் என் மனைவி ஸ்டெல்லாவின் முதுகுத்தண்டுக் குழாய்க்குள் இருந்த கட்டியை எடுத்தார்கள். மரத்துப்போன கால்கள் சரியாகிவிட்டன. ஆனால் கட்டி கன்னங்கரேலென்று இருந்தது. பெரும்பாலும் தோலிலோ கண்ணிலோ தொடங்கும் மெலனோமா என்ற புற்றுநோய் அங்கிருந்து பரவி வந்ததா, இல்லை அங்கேயே தோன்றிய அபூர்வமான சாதுக் கட்டியா? முதல் ரிப்போர்ட் கையை விரித்துவிட்டது. தோல் டாக்டர் உச்சி முதல் உள்ளங்கால் வரை மச்சம் மச்சமாகப் பார்த்தார், கண் டாக்டரும் பார்த்தார். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. இனி இன்னொரு நோயியல் நிபுணர் பார்க்க வேண்டும். கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். அந்த பிளாக்கை நாமே வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் நான் கை நீட்டியதும், "எம் முதுகுல இருந்து எடுத்தது. நான்தான் வெச்சுப்பேன்" என்று பிளாக் இருந்த பையை ஸ்டெல்லா பிடுங்கிக்கொண்டாள்.

ஆட்டோ முந்நூற்றைம்பது ரூபாய். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வெயில் கொளுத்தியது. மெழுகு உருகிவிடுமோ என்று முந்தானையால் பைக்கு விசிற ஆரம்பித்துவிட்டாள்!

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னாக்கா, கொயந்தைய வெச்சிகினு வர்ற மாதிரி வர்றீங்க? பையில கேக்கா?"

"அப்படித்தான் வெச்சுக்கோங்கண்ணா."

"அப்ப பள்ளத்துல உடாம ஓட்றேன்" என்றார். சொன்னபடியே ஓட்டினார்.

பள்ளிக்கரணை லேப் டாக்டரம்மாவிடம் உருகும் பயத்தைச் சொன்னோம். "இது உருகணும்னா அடுப்புலதான் வெக்கணும்மா" என்று சிரித்தார். "கறுப்பு நிறமி செல்லை மறைச்சுக்கிட்டு இருக்கு. அதை வெளுத்துட்டுப் பார்த்தாதான் தெரியும். ஒரு வாரம் கொடுங்க."

அந்த ஒரு வாரத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

மறுவாரம் டாக்டரம்மா நாங்கள் உட்காரும் முன்பே சொல்லிவிட்டார். "மெலனோசைட்டோமா. எங்கிருந்தும் பரவி வரலை, அங்கேயே வந்தது. புற்றுநோய் இல்லம்மா. திரும்ப வளர வாய்ப்பு இருக்கு, அதனால ஸ்கேன் மட்டும் விடாம எடுத்துக்கோங்க." ஸ்டெல்லா அவர் கையைப் பிடித்து முத்தமே கொடுத்துவிட்டாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

இதே வழியில் போக நேர்கிறவர்களுக்கு: பிளாக்கோடு ஸ்லைடு, எம்.ஆர்.ஐ. சிடி, ஆபரேஷன் குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். வேலை முடிந்ததும் பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள், பிறகும் தேவைப்படலாம். லேபுக்கு எதிரே மிளகாய் பஜ்ஜி பிரமாதம்.

அன்று பிளாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நாங்களும் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ ஏறினோம். மேடவாக்கம் தாண்டும்போதுதான் ஸ்டெல்லாவின் மடியைப் பார்த்தேன். காலி. அலறியடித்துத் திரும்பினால், பஜ்ஜிக் கடைக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார்.

"இன்னாக்கா, பைய உட்டுட்டுப் போய்ட்டீங்களே!"

"ஐயையோ, மறந்தே போச்சுண்ணா!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத் திட்டவே தோன்றவில்லை. அதை அவள் மறக்க வேண்டும் என்றுதானே அத்தனை தூரம் போனோம்.