கொக்கியில் தொங்கிய சிவப்புக் கார்டு

ஜாஸ்மினுக்கு இருபத்தொன்பது வயது. வீடு படப்பையில். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் ஆலையில் எட்டு வருடமாக ஒரே லைன், ஒரே இடம். டேப் சுற்றுவதில் அவள் வேகம் யாருக்கும் வராது. எதையும் மறக்காதவள் என்பது பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

அந்த லைனுக்கு சூப்பர்வைசராக வந்த ஏகாம்பரநாதன் தூணில் ஒரு கொக்கி அடித்து, சிவப்புக் கார்டு ஒன்றைத் தொங்கவிட்டார். பாத்ரூம் போகிறவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். நாற்பது பேருக்கு ஒரே கார்டு. முதல் வாரம் எல்லோரும் முணுமுணுத்தார்கள். மூன்றாம் வாரம், கார்டில்லாமல் எழுந்த பெண்ணைப் பக்கத்துப் பெண்ணே அதட்டினாள். மேனேஜருக்கும் பிடித்துப்போய், மற்ற லைன்களிலும் ஆளுக்கொரு கார்டு தொங்கியது.

ஒரு நாள் ஜாஸ்மினுக்கு மாதவிலக்கு, அவசரம். கார்டு ஏகாம்பரநாதன் கையில் இருந்தது.

"இப்பதானம்மா போன. உள்ள இன்னா, ஏசி கீதா?"

பக்கத்து லைன் ஆண்கள் சிரித்தார்கள். இருபது நிமிடம் நிற்க வைத்தார். சீருடையில் கறை படிந்துவிட்டது. அன்று கம்பெனி பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் படப்பை வரை நின்றுகொண்டே போனாள்.

"எச்.ஆர். கிட்ட சொல்லலாமா?" என்றாள் பக்கத்து இடத்துக் கனகம்.

"வேணாங்க்கா. அந்தக் கார்டை அவன் கழுத்துல நான் பாக்கணும்."

மறுநாள் அவர் டீ குடிக்கக் கிளம்பியபோது, ஜாஸ்மின் கார்டை இரண்டு கையாலும் நீட்டினாள். "சார், கார்டு."

அவர் சிரித்துவிட்டுப் போனார். அடுத்த நாள் கனகமும் அதையே சொன்னாள். பத்தே நாளில் நாற்பது பேரும், ஒயரிலிருந்து தலை நிமிராமல், மரியாதையாகச் சொன்னார்கள். மரியாதையாகச் சொன்னதற்கு மெமோ கொடுக்க முடியாது.

பக்கத்து லைனுக்கும் அது தொற்றியது. அங்கே சூப்பர்வைசர் சாம்சன், விளையாட்டு மனுஷன். "குடும்மா, செயின் போட்டு நாளாச்சு" என்று மாட்டிக்கொண்டார். அதுவரை கார்டு மாட்டுவது அவமானம். அதற்குப் பிறகு மாட்டாததுதான் அவமானம். ஒரு மாதத்தில் ஒருவரைத் தவிர எல்லா சூப்பர்வைசர்களும் மாட்டினார்கள்.

"இன்னா சார், உங்க கழுத்துக்கு மட்டும் தனி ரூலா?" என்று கேண்டீனில் எல்லோர் முன்னாலும் கேட்டார் சாம்சன்.

ஆடிட் நாள் வந்தது. மேனேஜர் லைனிலேயே நின்றிருந்தார். காலையிலிருந்து ஏகாம்பரநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிவதை ஜாஸ்மின் கவனித்திருந்தாள். கார்டை மாட்டிக்கொண்டு போனாள். அவள் வேலையையும் சேர்த்துக் கனகம் பார்த்துக்கொண்டாள்.

ஏகாம்பரநாதன் பாத்ரூம் பக்கம் நகர்ந்ததும் மேனேஜர் கேட்டார்: "கார்டு எங்க சார்?"

கொக்கி காலி.

உள்ளே ஜாஸ்மின் முகம் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். கடிகாரத்தில் இருபது நிமிடம் ஆனதும்தான் வெளியே வந்தாள். ஏகாம்பரநாதன் தூணோரம் வேர்த்து, கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். கார்டைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினாள்.

"போட்டுக்குங்க சார்."

குனிந்து மாட்டிக்கொண்டு ஓடினார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாதென்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அன்று பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, படப்பை வரும்வரை தூங்கினாள்.

அவர் மறைமலை நகருக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார். கார்டையும் நிர்வாகம் எடுத்துவிட்டது. கொக்கி மட்டும் இருக்கிறது. லைனிலிருந்து பாத்ரூம் போகிற பெண்கள் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போகிறார்கள்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த தெற்கத்திப் பெண் கேட்டாள்: "எதுக்குக்கா அதத் தட்டணும்?"

ஜாஸ்மின் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தட்டிட்டுப் போடி."